வேகமான அணுவும் கரான்சாவின் வாயும்

எங்கள் கொர்தோபாவில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்காமல் விட்டுவிட்டால், அந்த ஆளை யாரும் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை என்று அர்த்தம். எல்வியோ கரான்சாவுக்கு வைத்த பெயர் 'ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு'. மதியம் உட்கார்ந்தால் இருட்டுகிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது என்பதால். எனக்குப் பெயர் 'சுங்க அதிகாரி'. முகத்தைச் சுளிக்காமல் எதையும் உள்ளே விடமாட்டேனாம். இந்தப் பெயரை வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். பதிலுக்கு நான் அவனுக்கு வைத்த பெயரை அச்சில் போட முடியாது.

கரான்சாவும் நானும் பல்கலைக்கழகத்தில் அடுத்தடுத்த அறைக்காரர்கள். அவர் சோதனை செய்கிறவர், நான் கணக்குப் போடுகிறவள். ஒட்டடைக்குச்சி மாதிரி ஆள், நீளமான கழுத்து, அந்தக் கழுத்துக்குள்ளிருந்து அவ்வளவு பேச்சு எப்படி வருகிறது என்று மருத்துவக் கல்லூரிக்காரர்கள்தான் ஆராய வேண்டும். காலையில் மாடிப்படியில் ஏறும்போதே ஆரம்பிப்பார். வணக்கம் சொல்வதற்கு முன்னால் முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எதிரே யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கு முக்கியமில்லை. ஒருமுறை தரை துடைக்க வந்த அம்மாளுக்கு முக்கால் மணி நேரம் மூலக்கூறுகளைப் பற்றி விளக்கினார். அந்த அம்மாள் ஈரத்துணியைப் பிடித்தபடியே நின்று, கடைசியில் "சரிங்கய்யா, காலைத் தூக்குங்க" என்றாள்.

அவருடைய அப்பா கோஸ்கின் ஊரில் திருவிழா மைதானத்தில் டாஷிங் கார் வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் கரான்சா அங்கேதான் கிடப்பார். கார் ஓட்டுவதைவிட ஓரமாக நின்று பார்ப்பதில்தான் அவருக்கு ஆசை. நேராக மோதினால் இரண்டும் பின்வாங்கும். வாலில் இடித்தால் வாங்கின கார் பம்பரமாகச் சுற்றும், உள்ளே இருக்கிற குண்டுப் பெண்மணி வீலென்று கத்துவார். மற்ற பிள்ளைகள் கத்தலைப் பார்த்துச் சிரிக்க, இவர் மட்டும் எங்கே இடித்தது என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். பின்னால் மனைவியாக வந்த நில்தாவை அவர் முதலில் பார்த்ததும் அந்த மைதானத்தில்தான். அவள் கார் இவர் முழங்காலில் மோதியது. அந்த முழங்கால் மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது என்பார். அதையும் ஒரு மணி நேரம் சொல்வார்.

வயதான பிறகும் அவர் செய்த வேலை அதேதான், கார் மட்டும் சின்னதாகிவிட்டது. ஆய்வகத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் துளி கார்பன்-டை-ஆக்சைடு, துளி ஹைட்ரஜன் சல்பைடு. பின்னதுக்கு அழுகிய முட்டை நாற்றம். கொஞ்சம் கசிந்தாலும் கீழ்த்தளத்துக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து நியாயம் கேட்பார்கள். குழாய்க்குள் புற ஊதா லேசர் ஒளியை ஒரு தடவை பாய்ச்சினால் அந்த நாற்ற வாயு உடையும். அதிலிருந்து ஹைட்ரஜன் அணு பிய்த்துக்கொண்டு ஓடும். அதன் வேகத்துக்கு முன்னால் துப்பாக்கிக் குண்டு மாட்டுவண்டி. ஓடுகிற ஓட்டத்தில் அது ஒரு கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறில் போய் மோதும். மோதியதும் அதன் வேகத்தில் எவ்வளவு இதற்குக் கைமாறியது? கைமாறியது மூலக்கூறைச் சுழல வைத்ததா, உதற வைத்ததா, சும்மா தள்ளிவிட்டதோடு சரியா? இதுதான் கேள்வி. இந்த ஒரு கேள்வியோடு ஒரு மனிதர் தலைமுடி கொட்டுகிற வரைக்கும் வாழ்ந்தார்.

கார்பன்-டை-ஆக்சைடு மூன்று அணுக்கள் ஒரே வரிசையில் நிற்கிற மூலக்கூறு. நடுவில் கார்பன், இரண்டு முனையிலும் ஆக்சிஜன். நடுவில் இடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, அணு எகிறித் திரும்பிவிடும். முனையில் சரியாக இடித்தால் மூலக்கூறு தலைதெறிக்கச் சுழலும் என்று என் கணக்கு சொன்னது. நூறு மோதலில் ஒன்றோ இரண்டோதான் அப்படி. அந்த ஒன்றிரண்டைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று கரான்சா பிடிவாதமாக நின்றார். அதற்கு இன்னொரு லேசர் வேண்டும், அகச்சிவப்பு லேசர். சுழலும் மூலக்கூறு எந்த நிறத்து ஒளியை விழுங்கும் என்பது தெரியும். அந்த நிறத்தைக் குழாய் வழியாக அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், எத்தனை பேர் சுழல்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அந்த இரண்டாவது லேசர் எங்களுடையது இல்லை. புவெனோஸ் ஐரெஸிலிருந்து டாக்டர் ஓல்கா ஷெவ்சுக் இரவல் கொடுத்தது. கொடுக்கும்போதே பெண்மணி தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஆகஸ்டில் நேரில் வருவேன், சுழலும் மூலக்கூறைக் காட்டினால் லேசர் உங்களிடமே இருக்கட்டும், காட்டாவிட்டால் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். போய்விட்டால் இன்னொன்று வாங்க எங்கள் துறைக்கு வழியே இல்லை. கரான்சாவின் ஆயுள் கேள்விக்கு அதோடு மூடுவிழா. அவருக்கும் அது தெரியும். அதைப் பற்றி அவர் பேசாத நாளே கிடையாது.

ஆனால் சோதனைதான் ஒத்துழைக்கவில்லை. திரையில் வரவேண்டிய கோடு சில நாட்களில் நன்றாக வரும். சில நாட்களில் குடிகாரன் நடை மாதிரி தள்ளாடும். கரான்சா ஒவ்வொரு வாரமும் ஒரு குற்றவாளியைப் பிடித்தார். முதலில் வெற்றிடப் பம்ப். பம்ப்களுக்கும் வாயு உருளைகளுக்கும் பொறுப்பாளர் புச்சேத்தா. அவர் பம்பைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். கோடு தள்ளாடியது. அடுத்து தெருவில் போகும் மின்சாரப் பேருந்து. கரான்சா பேருந்து நிறுத்தத்துக்கே போய், ஓட்டுநர் அம்மாவிடம் எங்கள் கட்டடத்துக்கு எதிரே மெதுவாகப் போகச் சொன்னார். அந்த அம்மா சொன்ன பதிலை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அதுவே ஆச்சரியம். அடுத்து என் அறைக் கணிப்பொறி. அடுத்து மலையிலிருந்து வரும் வறண்ட காற்று. அந்த மாதம் முழுவதும் எங்கள் கட்டடத்தில் நிரபராதி என்று ஒருவரும் மிஞ்சவில்லை.

இதற்கிடையே மாத்தே என்கிற எங்கள் ஊர் மூலிகைத் தேநீர்ச் சுற்று மட்டும் தடையில்லாமல் நடந்தது. காலையில் ஒருமுறை, மதியத் தூக்கத்துக்குப் பிறகு ஒருமுறை. எங்களுக்கு அது குளிர்காலம், லேசர் மேசைக்குப் பக்கத்தில்தான் அறை கதகதப்பாக இருக்கும் என்பதால் முக்காலிகள் எல்லாம் அங்கேதான். புச்சேத்தா மாத்தேயில் புதினா வாசனை அடிக்கிற பெப்பெரினா இலை கிள்ளிப் போட்டு, ஊற்றி, ஒரே உறிஞ்சுகுழலைச் சுற்றுக்கு விடுவார். தட்டு நிறைய கொழுப்பு போட்டுச் சுட்ட கிரியோயித்தோ ரொட்டி. கரான்சாவின் முக்காலி அகச்சிவப்பு லேசருக்கும் கண்ணாடிக் குழாய்க்கும் நடுவில். அந்த லேசர் நொடிக்கொரு தரம் நிறம் மாறும், அதைக் கைக்குமிழைத் திருகித் திருகிச் சரியான நிறத்தில் நிறுத்த அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே அவர் அங்கே உட்கார்ந்து, ஒரு கையில் குமிழும் ஒரு கையில் மாத்தேயுமாகப் பேசிக்கொண்டே இருப்பார். மாத்தே அவர் கைக்குப் போனால் ஆறிய பிறகுதான் திரும்பி வரும். "அது மைக்கு இல்ல டாக்டர், உறிஞ்சிட்டுக் குடுங்க" என்று புச்சேத்தா நச்சரிப்பார்.

ஷெவ்சுக் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெல்கிரானோவுக்கும் தாயேரெஸுக்கும் கால்பந்துப் பந்தயம். கரான்சா பெல்கிரானோ பைத்தியம். மைதானத்தில் கத்தோ கத்தென்று கத்தி, திங்கட்கிழமை தொண்டை கட்டிக்கொண்டு வந்தார். குரல் சுத்தமாக இல்லை. கழுத்தில் நில்தாவின் கம்பளித் துண்டு. குமிழைத் திருகினார், கோடு வந்தது. அப்படி ஒரு கோடு நாங்கள் பார்த்ததே இல்லை. நேராக வந்து, புற ஊதா லேசர் மின்னலாக வெட்டியதும் மேலே ஏறி, ஆடாமல் இறங்கியது. செவ்வாயும் அப்படியே. நான் என் அறையில் மூன்று மாத வேலையை ஒரே நாளில் முடித்தேன். அமைதி என்றால் இதுதானா என்று இருந்தது. புதன்கிழமை குரல் திரும்பியது. கோடு மறுபடியும் தள்ளாடியது.

கண்டுபிடித்தது கரான்சாவேதான். பேச்சின் நடுவில், அதுவும் நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டிருந்த சுவாரசியமான இடத்தில், டக்கென்று நின்றார். திரையைப் பார்த்தார். வாயை மூடினார். கோடு நேரானது. மெதுவாக, தீர்ப்பு வாசிக்கிற குரலில், பெல்கிரானோ அணியின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். கோல்கீப்பர் பெயர் சொன்னார், கோட்டில் ஒரு பள்ளம். தடுப்பாட்டக்காரர்கள் நால்வர், நாலு பள்ளம். நடு ஆட்டக்காரருக்கு நீளமான பெயர், அகலமான பள்ளம்.

"தாயேரெஸ் டீமையும் சொல்லிப் பாருங்க டாக்டர். ஒரு பக்கமா சோதிச்சா அது விஞ்ஞானமில்ல" என்றார் புச்சேத்தா. அவர் தாயேரெஸ்காரர். கரான்சா முகத்தைக் கோணிக்கொண்டு அதையும் சொன்னார். அதே பள்ளங்கள்தான். மூலக்கூறுக்குக் கட்சி கிடையாது.

பிறகு விளக்கம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாம் வெளியே விடும் மூச்சில் இருப்பது அதே கார்பன்-டை-ஆக்சைடு. லேசர் ஒளி குழாய்க்குள் போய் அங்கே இருக்கிற மூலக்கூறுகளைக் கேள்வி கேட்பதற்கு முன்னால், வழியிலேயே கரான்சாவின் வாயிலிருந்து வந்த மூலக்கூறுகள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டன. அவரைப் போலவே.

இது நடக்கக் கூடாது என்பதற்காகவே ஒளி போகும் பாதைக்கு ஒரு அக்ரிலிக் பெட்டி இருந்தது. மூடிவைத்து உள்ளே நைட்ரஜன் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வெளிக்காற்று அண்டாது. பெட்டி எங்கே என்று தேடினோம். தேட வேண்டியே இருக்கவில்லை. கோடைகாலத்தில் ஈ மொய்க்கிறது என்று யாரோ அதை எடுத்துக் கிரியோயித்தோ தட்டுமேல் கவிழ்த்திருந்தார்கள். அன்றிலிருந்து அது அங்கேயே இருந்தது. கை விட்டு ரொட்டி எடுக்க வசதியாகப் புச்சேத்தா ஒரு பக்கம் அழகாக வட்டமாக அறுத்தும் வைத்திருந்தார். விளிம்பைக்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். ஆளாளுக்கு அதற்குள் கையை விட்டு ரொட்டி தின்றிருக்கிறோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்.

கரான்சா அன்று சிரிக்கவில்லை. "என் வாயாலயே கெட்டேனா இர்மா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது பாவமாக இருந்தது. ஆனாலும் "வேற யாரு வாயால?" என்றுதான் சொன்னேன். என் குணம் அப்படி.

ஷெவ்சுக் வெள்ளிக்கிழமை வருகிறார். புதுப்பெட்டி செய்ய நேரமில்லை. கொழுப்பைக் கழுவி, ஓட்டையில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, பழைய பெட்டியையே திருப்பி வைத்தோம். முன்னைக்கு எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் பக்கத்தில் ஒருவர் மூச்சுவிட்டால் கோடு லேசாகத் துடித்தது. நாங்கள் தேடுகிற ஒன்றிரண்டு சுழலும் மூலக்கூறுகளின் அடையாளமும் அந்தத் துடிப்பளவுதான். கரான்சா தள்ளி உட்காரவும் முடியாது, குமிழைப் பிடிக்க வேறு ஆளும் இல்லை. கடைசியில் புச்சேத்தா நீளமான ரப்பர் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு முனை கரான்சாவின் வாயில், மறுமுனை ஜன்னலுக்கு வெளியே. மூக்கால் இழுக்க வேண்டும், வாயால் குழாய்க்குள் விட வேண்டும். பேசக் கூடாது. "இதை முன்னாடியே யோசிச்சிருக்கணும். நில்தா அம்மாவுக்கும் ஒண்ணு செஞ்சு அனுப்பலாம்" என்றார் புச்சேத்தா.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஷெவ்சுக் உள்ளே வந்தபோது அவர் பார்த்தது இதைத்தான்: முக்காலியில் கம்பு மாதிரி ஒரு மனிதர், வாயில் ரப்பர் குழாய், குழாய் ஜன்னலைத் தாண்டிப் போகிறது. குள்ளமான பெண்மணி, சாம்பல் நிறக் கோட்டு, சிரிப்பை ஊரிலேயே வைத்துவிட்டு வந்தவர். குழாயை ஜன்னல்வரை பார்வையால் தொடர்ந்தார், திரும்பிவந்தார். கரான்சா எழுந்து தலை குனிந்தார். கண்ணெல்லாம் சொல் முட்டிக்கொண்டு நின்றது.

சோதனை முடிய அரை மணி நேரமாவது ஆகும் என்று சொன்னேன். லேசர் வெட்ட ஆரம்பித்தது. டக், டக், டக். ஷெவ்சுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார், அதுவும் கரான்சாவைப் பார்த்து. முதல் மோதலுக்கும் இரண்டாவது மோதலுக்கும் நடுவிலேயே அளந்துவிட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கரான்சாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் வாழ்நாளில் இதைவிட ஆசையாகப் பதில் சொல்ல விரும்பிய கேள்வி இருந்திருக்காது. குழாயைக் கடித்தார்.

"டாக்டருக்குத் தன்னோட சோதனையைப் பத்தித் தெரியாதா?" என்று கேட்டார் ஷெவ்சுக்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒளிப்பாதைக்கு எட்டாமல் கதவோரம் நின்று நான் பதில் சொன்னேன். வாயு அவ்வளவு மெலிதாக இருக்கிறது, ஓடுகிற அணு ஒருமுறை மோதி இன்னொருமுறை மோதுவதற்குள் நாங்கள் பார்த்து முடித்துவிடுகிறோம் என்று சொன்னேன். அடுத்த கேள்வி வந்தது, அதற்கும் சொன்னேன். நேராக மோதும் கார், வாலில் மோதும் கார், வீலென்று கத்தும் குண்டுப் பெண்மணி, எல்லாம் என் வாயிலிருந்து வந்தன. கையைக்கூட அவர் ஆட்டுகிற மாதிரியே ஆட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இத்தனை வருடங்கள் வேண்டா வெறுப்பாகக் கேட்டதெல்லாம் ஒரு சொல் விடாமல் எனக்குள் இருந்திருக்கிறது. புச்சேத்தா வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். கரான்சா, தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் முக்காலியால் அடிப்பேன் என்கிற மாதிரி முறைத்தார். குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

கோடு மெதுவாக உருவானது. ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் தெளிவு கூடியது. தரையிலிருந்து ஒரு சின்ன மேடு எழுந்தது. ஆடவில்லை. தலைதெறிக்கச் சுழலும் மூலக்கூறு எங்கே தெரிய வேண்டுமோ அங்கேயே தெரிந்தது. ஷெவ்சுக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். தானே புற ஊதா லேசரை நிறுத்தச் சொன்னார், மேடு போனது. மறுபடி வெட்டச் சொன்னார், வந்தது. நாற்ற வாயுவை மட்டும் விலக்கச் சொன்னார், போனது. திரும்பவும் விட்டோம், வந்தது. அந்தப் பெண்மணியிடம் என்ன குறை சொன்னாலும், வேலை தெரிந்தவர்.

"லேசர் இங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு கரான்சாவைப் பார்த்தார். "குழாயை எடுங்க டாக்டர். இப்ப நீங்களே சொல்லுங்க. ஃபோன்ல அவ்வளவு காதைத் தின்னீங்களே."

நாங்கள் தயாரானோம். புச்சேத்தா கெட்டிலை அடுப்பில் வைத்தார், கூடுதலாக ஒரு முக்காலி இழுத்துப் போட்டார். நான் போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றினேன். ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கரான்சா குழாயை வாயிலிருந்து எடுத்தார். கையால் உதட்டைத் துடைத்தார். திரையிலிருந்த மேட்டைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"அவ்வளவுதான்" என்றார்.

காத்திருந்தோம். வேறு ஒன்றும் வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். ஷெவ்சுக் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தார். எனக்கு வேறு பயம். கரான்சாவின் சித்தப்பா ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தவர். புச்சேத்தாவுக்கும் அதே நினைப்பு. "டாக்டர், ரெண்டு கையையும் தூக்குங்க பாப்போம்" என்றார். கரான்சா தூக்கினார். "சிரிங்க." சிரித்தார், இரண்டு பக்கமும் சமமாக. பேச மட்டும் இல்லை.

நான் வராந்தாவுக்கு ஓடி நில்தாவுக்குப் போன் போட்டேன்.

"நில்தா, பதறாதீங்க. எல்வியோ பேச மாட்டேங்கறாரு."

"லேசர் என்னாச்சு?" என்று கேட்டாள்.

"இங்கேயே இருக்கட்டும்னுட்டாங்க."

நில்தா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப ஒண்ணும் இல்ல, விடுங்க இர்மா. எங்க கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான். சம்மதமான்னு பாதிரியார் ரெண்டு தரம் கேட்டாரு, மூணாவது தரம்தான் இவரு தலையை ஆட்டினாரு. பொண்ணு பொறந்தப்பவும் பொழுது சாயற வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. எங்க ஆளு பயந்தாத்தான் பேசும்."

போனை வைத்துவிட்டு வராந்தாவிலேயே நின்றேன். மாடிப்படியில், மாத்தே சுற்றில், தரை துடைக்கிற அம்மாளிடத்தில், மின்சாரப் பேருந்து நிறுத்தத்தில். இத்தனை வருடமும் அந்த மனிதர் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஷெவ்சுக் மாத்தே குடித்துக்கொண்டிருந்தார், கரான்சா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை மாடிப்படியிலேயே குரல் கேட்டது. கார்பன்-டை-ஆக்சைடு முடிந்தது, அடுத்து நைட்ரஸ் ஆக்சைடு, அதன் இரண்டு முனையும் ஒன்றுபோல் இருக்காதே, எந்த முனையில் இடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, முடியாமல் போனால் என்ன செய்வது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே ஏறிவந்தார். நான் என் கணக்கை மூடிவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய், அவர் வருவதற்குள் தண்ணீரைச் சுடவைத்தேன்.